வீட்டிலேயே காரமான 'பீட்சா'! தோசைக்கல் போதும், சூட்சுமம் மிளகாயில் இருக்கிறது!

சென்னையில் சாயங்காலம் ஆறு மணி அடித்தால் போதும். முதுகில் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் சந்து பொந்தெல்லாம் பறக்கின்றன. அண்ணாநகரிலும் இதே காட்சிதான், வண்ணாரப்பேட்டையிலும் இதே காட்சிதான். பெட்டிக்குள் பிரியாணி இருக்கும். இல்லாவிட்டால் பீட்சா இருக்கும்.

பீட்சா வந்த வீட்டில் அட்டைப் பெட்டியைத் திறந்ததும் ஒரு குரல் கேட்கும். "என்னப்பா, காரமே இல்லையே!"

உடனே கூடவே வந்த குட்டிப் பொட்டலத்தைக் கிழிப்பார்கள். மிளகாய்த் தூளைக் கொட்டுவார்கள். அதுவும் போதாது. "இன்னொண்ணு இருக்கா பாரு" என்று தேடுவார்கள்.

காசையும் கொடுத்து, காரத்துக்கும் அலைவானேன்? பல வீடுகளில் இப்போது பீட்சாவைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். முதல் தடவையிலேயே ஜோராக வந்துவிட்டால் அதிர்ஷ்டம். பலருக்கு அப்படி வருவதில்லை. அடியில் மாவு சவசவ என்று இருக்கும். மேலே குடைமிளகாய் தண்ணீர் விட்டு மிதக்கும். "இதுக்கு நாலு தோசை ஊத்தியிருக்கலாம்" என்று தட்டு ஓரமாகப் போய்விடும். சீஸ் வாங்கிய காசு அம்போ!

பழி மாவின் மேல் விழுகிறது. உண்மையில் பாதிக் குற்றவாளி மிளகாய்!

கப்பலில் வந்த காரம்

மிளகாய் நம் ஊர்ச் சரக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகுதான் ஐரோப்பியர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். 16ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் தமிழர் சமையலில் உறைப்பு என்றால் பெரும்பாலும் மிளகுதான்.

தக்காளியும் அதே கண்டத்துப் பிறவி. இரண்டும் இத்தாலிக்கும் போய்ச் சேர்ந்தன. அந்நாட்டின் தென்கோடியில் கலாப்ரியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் காரப் பிரியர்கள். டயமான்டே என்ற ஊரில் மிளகாய்க்கென்றே திருவிழா நடத்துகிறார்கள்! காரமான இறைச்சி வைத்த பீட்சாவுக்கு இத்தாலியில் 'டியாவோலா' என்று பெயர். பிசாசு என்ற சொல்லில் இருந்து வந்தது அந்தப் பெயர். ஆகவே பீட்சாவில் காரம் போடுவது ஏதோ நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த குறும்பு அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் 'பெப்பரோனி' பீட்சா என்று கேட்டால் இறைச்சித் துண்டு வைத்துக் கொடுப்பார்கள். இத்தாலியில் அதே பெயரைச் சொன்னால் குடைமிளகாய்தான் வரும். அங்கே அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்!

ஜோடிப் பொருத்தம்

மிளகாயின் காரத்துக்குக் காரணம் 'காப்சைசின்' என்ற பொருள். நாக்கில் சூட்டை உணர்கிற நரம்பையே இது போய்த் தட்டுகிறது. வாய் "எரியுது" என்று மூளை நினைப்பது அதனால்தான். இதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் காரம் கூடுதலாகத் தெரிவதற்கும் இதே நரம்புதான் காரணம்.

காப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில் கரையும். பாலில் உள்ள புரதமும் அதை அடக்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்காதவர், ஒரு வாய் மோர் குடித்ததும் பெருமூச்சு விடுகிறார் அல்லவா? சீஸும் பாலில் பிறந்ததுதான். காரத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டாலும் சீஸ் தாங்கிக்கொள்ளும். கடைக்காரர்கள் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறார்களோ தெரியவில்லை!

எந்த மிளகாய்க்கு எவ்வளவு காரம்? 1912ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்கர் இதற்கு ஓர் அளவுமுறை வகுத்தார். அதன்படி குடைமிளகாய்க்குப் பூஜ்யம்! ஜலபீனோ மிளகாய்க்கு 2,500 முதல் 8,000 வரை. காந்தாரி மிளகாய் வகை 50,000ஐத் தாண்டும். கண்ணாடிப் புட்டியில் வருகிற ஜலபீனோ வினிகரில் ஊறிய சரக்கு. அதில் காரத்தைவிடப் புளிப்புதான் முந்திக்கொண்டு வரும். அதற்கு விலை கொடுப்பதைவிட நாலு பஜ்ஜி மிளகாய் வாங்கிப் போவது புத்திசாலித்தனம்.

தண்ணீரை விரட்டுங்கள்!

குடைமிளகாயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். பச்சையாக நறுக்கி அப்படியே மாவின் மேல் பரப்பினால் என்ன ஆகும்? சூடு பட்டதும் அத்தனை தண்ணீரும் கீழே இறங்கும். மாவு ஊறிப்போகும். கடையின் பெரிய அடுப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். வீட்டு அடுப்பால் முடியாது.

வழி சுலபம். குடைமிளகாயை மெல்லிசாக நறுக்கி, வாணலியில் சில சொட்டு எண்ணெய் விட்டு, பெரிய தீயில் இரண்டே நிமிஷம் புரட்டி எடுக்க வேண்டும். மூடி போடக் கூடாது. பிறகு தட்டில் பரப்பி ஆற விட வேண்டும்.

பஜ்ஜி மிளகாயை நெருப்பில் நேராகக் காட்டித் தோல் கறுக்கும்படி சுட வேண்டும். ஒரு பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் தோல் தானே கழன்று வரும். உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டை எடுத்துவிட்டு நீளமாகக் கிழித்துக்கொள்ளலாம். காரத்தின் இருப்பிடம் அந்த வெள்ளைத் தண்டுதான். விதை என்று பலர் நினைக்கிறார்கள். தண்டை ஒட்டிக்கொண்டிருப்பதால் விதைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. நல்ல காரம் வேண்டுமென்றால் தண்டைப் பாதி விட்டுவையுங்கள்.

மூன்றாவதாகக் காய்ந்த மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டு குண்டாக, தடித்த தோலோடு இருக்கிற அந்த மிளகாயை இளஞ்சூட்டில் வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொண்டால் பொட்டலத் தூளைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். இதை மட்டும் கடைசியில், இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும். முன்னாடியே தூவினால் கருகிக் கசக்கும்.

வீட்டில் மோர் மிளகாய் இருக்கிறதா? இரண்டைப் பொரித்து நொறுக்கி மேலே போட்டுப் பாருங்கள். பேஷ்! ஆனால் மோர் மிளகாயிலும் உப்பு, சீஸிலும் உப்பு. அன்றைக்குத் தக்காளிச் சாந்தில் உப்பைக் குறைத்துவிடுவது நல்லது.

கல்லில் வேகிற கதை

இத்தாலியில் பீட்சாவுக்குப் பேர் போன ஊர் நேப்பிள்ஸ். அங்கே விறகு அடுப்பின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். ஒன்றரை நிமிஷத்துக்குள் பீட்சா தயார்! நம் வீட்டில் அவ்வளவு சூட்டுக்கு எங்கே போவது? கனமான தோசைக்கல் கைகொடுக்கும்.

கால் கிலோ மைதா எடுத்தால் எட்டு அங்குலத்தில் இரண்டு பீட்சா வரும். அரை டீஸ்பூன் ஈஸ்ட், அரை டீஸ்பூன் சர்க்கரை, 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். இவற்றைக் கலந்து பத்து நிமிஷம் வைத்தால் நுரை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஈஸ்ட் பழசு. மைதாவைப் பாழாக்காமல் வேறு ஈஸ்ட் வாங்குங்கள். நுரைத்த தண்ணீரோடு மாவு, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு மேஜைக் கரண்டி எண்ணெய் சேர்த்துப் பத்து நிமிஷம் நன்றாகப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்கட்டும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டினால் பீட்சா வறட்டியாகிவிடும்! ஈரத்துணி போட்டு மூடி வைத்தால், சென்னை வெயிலுக்கு ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாக உப்பும்.

அதற்குள் நாலு தக்காளியை அரைத்து, பூண்டும் கொஞ்சம் மிளகாய்த் தூளும் போட்டுச் சுண்டக் காய்ச்சிவிடலாம். துவையல் பதம் வர வேண்டும். நீர்த்த சாந்து கூடவே கூடாது.

உப்பிய மாவைக் கால் அங்குல கனத்துக்கும் குறைவாகத் தட்டி, முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டு, மிதமான தீயில் கல்லில் போட வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடிப்பக்கம் சிவக்கும். திருப்பிப் போடுங்கள். இப்போது தீயைக் குறைத்து, வெந்த பக்கத்தின் மேல் சாந்தை மெல்லிசாகத் தடவி, சீஸைத் துருவிப் போட்டு, அதற்கு மேலே மிளகாய்களைப் பரப்ப வேண்டும். குழிவான மூடி போட்டு ஐந்து முதல் ஏழு நிமிஷம். நடுவில் ஒரு தடவை மூடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஆவித் தண்ணீர் சொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

மின்சார அடுப்பு உள்ளவர்கள் 250 டிகிரியில் இருபது நிமிஷம் காய விட்டு, பிறகு பீட்சாவை உள்ளே வைத்தால் எட்டுப் பத்து நிமிஷத்தில் எடுக்கலாம். உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து அதையும் சேர்த்துக் காய விடுவது உத்தமம்.

ஆபத்து!

தண்ணீர் இல்லாமல் பிரஷர் குக்கரை அடுப்பில் காய வைத்து, அதற்குள் பீட்சா சுடுகிற வித்தையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். வேண்டாம்! குக்கர் தண்ணீர் வைத்துச் சமைக்கச் செய்த பாத்திரம். வெறுமையாகக் காய்ந்தால் அதன் அடி வளைந்துவிடலாம். மறுநாள் அதே குக்கரில் பருப்பு வைக்கும்போது மூடி சரியாக உட்காராமல் போனால் யார் பொறுப்பு?

நான்ஸ்டிக் கல்லையும் வெறுமையாகப் பெரிய தீயில் விடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை கண்ணுக்கு. மிளகாய் நறுக்கிய கையைத் தண்ணீரில் கழுவினால் மட்டும் போகாது. முதலில் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது. மிளகாய் வறுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வயிற்றுப் புண்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீடா? ஒரே பீட்சாவில் பாதிக்குக் குடைமிளகாய், பாதிக்குப் பஜ்ஜி மிளகாய் என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை.

மிஞ்சிவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள். மாவு தோலாக இழுக்கும். அதே தோசைக்கல்லில், சிறு தீயில், மூடி போட்டு மூன்று நிமிஷம் வைத்தால் அடி மறுபடியும் மொறுமொறு என்று ஆகிவிடும். ஆபீசுக்கு டப்பாவில் கட்டிக்கொண்டு போவதானால் ஆறிய பிறகு மூடுங்கள்.