உங்களுக்குத் தெரியுமா? பிட்டு அவித்தால் பேச்சும் வரும்

பிட்டு, பாண், பால், பணியாரம், பனாட்டு, மீன், மாம்பழம்: மன்னார் வீடுகளில் புழங்கும் இந்தப் பெயர்களெல்லாம் ப, ம என்ற இதழொலிகளில் தொடங்குகின்றன. பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்ளும் ஒலிகளில் இவையும் அடங்கும். உதடுகள் சேர்வது கண்ணுக்கே தெரிவதால் பார்த்துச் செய்வது எளிது. ழகரம் பிந்தித்தான் கைகூடும். மூன்று வயதுப் பிள்ளை ‘பளம்’ என்றால் பதற வேண்டாம். பெரியவர்களே பலர் அப்படித்தானே சொல்கிறோம்!

பேச்சு சிகிச்சையாளர்கள் சமையல் விளையாட்டை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்டு வாங்கும் தேவை அதில் தானாகவே வருகிறது. பிட்டுக் குழலில் மாவைப் போட்டுவிட்டு, தேங்காய்ப்பூவைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துச் சற்றுப் பொறுத்திருங்கள். ‘பூ’ என்று பிள்ளை கைநீட்டினால், ‘பூ தாங்கோ’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிக் கொடுங்கள். திருப்பிச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டியதில்லை. முதலில் மா, பிறகு பூ, திரும்பவும் மா என்று அடுக்கும்போது, நடந்ததை வரிசையாகச் சொல்லும் பழக்கமும் சேர்ந்து வரும்.

ஒடியலைக் கடித்து மென்றால் நாக்குத் திருந்தும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். மெல்லவும் பேசவும் அதே தசைகள்தான்; ஆனால் மூளை அவற்றை ஒரே விதமாக இயக்குவதில்லை.

இலங்கையில் பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பு, ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது.

விழுங்கச் சிரமப்படும் பிள்ளையோடு இப்படிச் சமைத்து விளையாடும்போது உண்மையான உணவு வேண்டாம். வெறும் சிரட்டையும் அகப்பையும் போதும்.