முடிச்சுக்குள் ஒரு குப்பைமேடு

காலையில் பேட்டரி வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டதும், இறுக முடிச்சுப் போட்ட கேரி பையோடு வாசலுக்கு ஓடுகிறோம். தூய்மைப் பணியாளர் அக்கா அந்த முடிச்சை விரலால் கிழித்து, சாம்பார் சோற்றையும் வெங்காயத் தோலையும் பச்சைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பையை உதறித் தனியே போடுகிறார். குப்பென்று நாற்றம். நேற்று ராத்திரி சாப்பிட்ட மிச்சம்தானே, அதற்குள் எப்படி?

எல்லாம் அந்த முடிச்சு செய்கிற வேலை. பைக்குள் மாட்டிய கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. பிறகு காற்றில்லாமல் பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்களின் ராஜ்ஜியம். அவை கக்கும் அமிலங்களும், அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடும்தான் மூக்கைப் பொத்த வைக்கின்றன.

இதே பை சென்னையின் கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ குப்பை மலைக்கு அடியில் புதைந்தால் மீத்தேன் ஊறும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு எரிந்து புகைந்ததைத் தென்சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காற்று கிடைத்துவிட்டால் கதையே வேறு. மாநகராட்சியின் நுண் உரமாக்கும் மையத்தில் குவியலைக் கிளறக் கிளற, ஆக்சிஜனை விரும்பும் பாக்டீரியாக்கள் பெருகி, உள்சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். கையை விட்டால் சுடும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் மடியும். ஆனால் பாக்டீரியாக்களுக்கும் சாப்பாட்டில் பக்குவம் உண்டு: கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்று இருக்க வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் தூக்கல். அதைச் சரிக்கட்டத்தான் சருகும் மரத்தூளும் தேங்காய் நார்த்தூளும் சேர்ப்பது. தெருவில் கூட்டிக் கொளுத்துகிறோமே சருகு, உரக்குழிக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

ஆனால் அந்தக் குவியலுக்குள் ஒரு உடைந்த டியூப்லைட் விழுந்தால் அதன் பாதரசம் உரத்தோடு வயலுக்குப் போகும். மட்குவது, மட்காதது, அபாயகரமானது என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கும்படி 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே அன்றே சொல்லிவிட்டன. நாம்தான் முடிச்சை விடுவதாக இல்லை.

நாளைக்குப் பை வேண்டாம். மூடி வைத்த சின்ன வாளியையே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வாருங்கள். ஈரத்தை உறிஞ்ச வாளியின் அடியில் பழைய செய்தித்தாளை விரிக்கலாம். இந்தப் பக்கமேகூடப் போதும், படித்து முடித்த பிறகு.