தொண்டை எரியுதுன்னு சொன்னார் ஸ்வீடன் பெண்மணி... ஆனால் எரிந்தது தொண்டை இல்லை!

மாமல்லபுரம் ஒத்தவாடை தெரு. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன. மெடிக்கல் ஷாப்பில் எனக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. அறுபது வயது இருக்கும். "மை த்ரோட் இஸ் பர்னிங்" என்றார். கடைக்கார அண்ணன் யோசிக்கவே இல்லை, இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளங்கையை நெஞ்சுக்குழியில் வைத்து மேல்நோக்கித் தேய்த்துக் காட்டினார்.

"அட, நெஞ்செரிச்சல்! மதியம் மீன் வறுவல் சாப்ட்டிருப்பாங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன் ஜெலுசில் பாட்டிலை எடுத்தார். பெண்மணி முகத்தில் சிரிப்பு வந்தது.

அவர் ஸ்வீடனிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு டீச்சர். அவர் ஊரில் இந்தத் தொல்லைக்குப் பெயர் 'ஹால்ஸ்பிரென்னா'. பிரென்னா என்றால் எரிச்சல். 'ஹால்ஸ்' என்றால் தொண்டை, கழுத்து இரண்டும்தான். நாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் இரண்டு இடங்களுக்கு அவர்களுக்கு ஒரே சொல். (நம்ம ஊர் ஹால்ஸ் மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது அதைத் தயாரித்த இங்கிலாந்துக்காரர்களின் குடும்பப் பெயர்.)

யோசித்துப் பாருங்கள். வயிற்று அமிலம் உணவுக்குழாயில் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான் நோய். அதை இங்கிலீஷ்காரர் 'ஹார்ட்பர்ன்' என்று இதயத்தின் மேல் போடுகிறார். ஸ்வீடன்காரர் தொண்டை என்கிறார். நாம் நெஞ்சு என்கிறோம். வயிற்றின் பெயரை யாருமே சொல்லவில்லை!

வயிற்றில் ஐஸ், வயிற்றில் பால்

பக்கத்து டீக்கடையில் பேச்சு நீண்டது. இங்கிலீஷை ஸ்வீடிஷில் சொல்லும்போது உடம்பு எப்படியெல்லாம் இடம் மாறுகிறது என்று டீச்சர் சொல்லச் சொல்ல, நான் தமிழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நல்லது நடக்கவேண்டும் என்று நினைத்தால் இங்கிலீஷ்காரர் விரல்களைப் பின்னிக்கொள்வார். ஸ்வீடனில் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்கிறேன் என்பார்கள். நாம் சாமிக்கு ஒரு தேங்காய். விலை அதிகம் என்றால் இங்கிலீஷில் ஒரு கையும் ஒரு காலும் போய்விடும், ஸ்வீடிஷில் சட்டை மட்டும் போகும். தமிழில் யானை விலை, குதிரை விலை.

"வயிற்றில் ஐஸ் வைத்துக்கொள்" என்றால் ஸ்வீடிஷில் பதறாதே, நிதானமாக இரு என்று அர்த்தம். எங்களுக்கு வயிற்றில் பால் வார்ப்பார்கள் என்றேன். "அது எப்போது?" என்றார். ஆபத்து தாண்டியது என்று சேதி வந்த பிறகு என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை போட்டால் மாட்டிக்கொள்வோம். இங்கிலீஷில் காலை இழுப்பது கிண்டல். தமிழில் காலை வாரிவிடுவது துரோகம். குழந்தை மேல் ஒரு கண் வைத்துக்கொள் என்பது மூன்று மொழியிலும் ஒன்றுதான். ஆனால் 'ஒரு' என்பதை விட்டுவிட்டு, குழந்தை மேல் கண் வைத்தாள் என்று நம் பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், உடனே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடக் கிளம்பிவிடுவார்கள்!

ஸ்வீடிஷில் காலுக்கு 'பேன்' என்று பெயர். நம் தலையில் இருப்பது அவர்களுக்குக் காலில். எலும்புக்கும் அதே சொல்தான். 'க்னே' என்றால் முழங்கால், மடியும் அதேதான். அதனால் அங்கே குழந்தை பாட்டியின் முழங்காலில் உட்காரும்.

லெஃப்ட் ஹேண்ட் பெயின்

சிரிப்பெல்லாம் இதுவரைதான். தமிழில் 'கை' என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை. இங்கிலீஷ்காரருக்கு மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்', மேலே 'ஆர்ம்'. ஸ்வீடிஷிலும் அப்படியே, சொற்களும் கிட்டத்தட்ட அதேதான். கால் விஷயமும் இதே கதை. நாமோ இங்கிலீஷ் பேசும்போதும் தமிழ்க் கையைத்தான் பேசுகிறோம். லெஃப்ட் ஹேண்ட் பெயின் என்கிறோம்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இப்படிச் சொன்னால் சிக்கல் இல்லை. டாக்டரும் 'கை'யோடு வளர்ந்தவர். ஸ்வீடனிலோ இங்கிலாந்திலோ போனில் சொன்னால், கேட்பவர் மனசில் வருவது உள்ளங்கையும் விரல்களும். மாரடைப்பின் வலி பரவுவது இடது 'ஆர்ம்' வழியாக. தோள், கழுத்து, தாடை, முதுகுக்கும் போகலாம். அந்த ஒரு சொல் மாறினால் அவசர வண்டி கிளம்புவது தாமதமாகலாம். மகன், மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் போகும் அப்பா அம்மாக்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்!

உள்ளூரிலும் 'நெஞ்சு' நம்மை ஏமாற்றும். நெஞ்சு வறண்டுபோச்சு என்றால் தொண்டை. நெஞ்சில் சளி என்றால் நுரையீரல். நெஞ்சில் ஈரமில்லை என்றால் மனசு. நெஞ்சு எரியுது என்றால் அமிலமாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் நடப்பதுதான். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய வலி இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் என்று மட்டும்கூட வரலாம். எரிச்சலோடு இவை சேர்ந்தால் சோடாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பைகளும் ஒரு அமெரிக்க டாக்டரும்

ஒரு விஷயத்தில் ஸ்வீடிஷ் தமிழுக்கு நெருங்கிய சொந்தம் மாதிரி தெரிந்தது. வயிறு அவர்களுக்கு 'மாகெ'. உள்ளே இருக்கும் உறுப்பு 'மாக்ஸெக்', அதாவது வயிற்றுப் பை. நம் இரைப்பையேதான்! அப்பெண்டிக்ஸைப் பேச்சில் குருட்டுக் குடல் என்பார்கள், நாம் குடல்வால் என்கிறோம். நஞ்சுக்கொடிக்கு 'அம்மா கேக்' என்று அர்த்தம் வரும் ஒரு சொல். இங்கிலீஷ் லத்தீனிலும் கிரேக்கத்திலும் கடன் வாங்கிய இடங்களில் ஸ்வீடிஷ் வீட்டுச் சொற்களையே ஒட்டிப் பெயர் வைத்திருக்கிறது. பாட்டிக்கும் புரியும்.

தமிழில் இந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கர். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் டாக்டர். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 1864-லிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சை என்று இங்கிலீஷ் பாடநூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூல் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. சர்ஜரி 'இரண வைத்தியம்', கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்'. இரணம் என்றால் புண் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியும். அங்காதிபாதத்துக்கு சம்ஸ்கிருதம் தெரியவேண்டும். கெமிஸ்தத்துக்கு இங்கிலீஷ். சொல் தேடி அவர் எங்கெல்லாம் கதவைத் தட்டினார் என்று தலைப்புகளே சொல்லிவிடுகின்றன. இரண வைத்தியம்தான் எனக்குப் பிடித்தது. 'கெமிஸ்தம்' பாவம், இங்கிலீஷ் சட்டைக்குத் தமிழ்ப் பொத்தான் வைத்த மாதிரி இருக்கிறது.

1884-ல் அமெரிக்காவில் இறந்தார். கல்லறையில் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

பெரியம்மாவின் படம்

சிங்கபெருமாள் கோவிலில் இருக்கும் என் பெரியம்மா அடுத்த மாதம் ஸ்டாக்ஹோம் போகிறார், மகன் வீட்டுக்கு. டீக்கடையில் நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். ஸ்வீடனில் அவசர எண் 112, அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 1177. இரண்டையும் ஒரு தாளில் எழுதினேன். கீழே ஒரு மனித உருவம் வரைந்து, தமிழ்ப் பெயரையும் பக்கத்திலேயே இங்கிலீஷ் பெயரைத் தமிழ் எழுத்திலும் குறித்தேன். கையை மட்டும் 'ஆர்ம்', 'ஹேண்ட்' என்று இரண்டாகப் பிரித்தேன்.

பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் சரிடா. எனக்கு அடிக்கடி வர்றது இடுப்பு வலி. அதுக்கு என்ன போட்டிருக்க?"

'ஹிப்' என்று எழுதப்போய் நிறுத்தினேன். அது தொடை சேரும் மூட்டு. பெரியம்மாவுக்கு வலிப்பது பின்பக்கம், அடிமுதுகில். 'வெயிஸ்ட்' என்றால் டெய்லர் அளவெடுக்கும் இடம். இதில் இடுப்பு வலி எடுத்துடுச்சு என்றால் நமக்குப் பிரசவ வலி வேறு!

"எங்கே வலிக்குது, கை வச்சுக் காட்டுங்க" என்றேன். தாளைத் திருப்பி, முதுகுப் பக்கமாக இன்னொரு உருவம் வரைந்து, அந்த இடத்தில் பெயர் எழுதாமல் ஒரு வட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தேன். பாஸ்போர்ட் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.