இருவர் செய்த பாட்டு எப்போது பொதுச்சொத்தாகும்?

டிசம்பர் 31 நெருங்கினால் பதிப்புரிமை பற்றிய கடிதங்கள் வந்து குவியும். பாட்டுகளின் உரிமைக் காலம் எந்த ஆண்டில் முடிந்தாலும் அந்த நாளில்தான் முடியும். இம்முறை வாசகர்கள் பலரைக் குழப்பியிருப்பது ஜான் ஆண்டர்சன் – வான்கெலிஸ் இணை.

வான்கெலிஸ் 2022இல் காலமானார். அவர் இசை 2092 முடிவில் பொதுச்சொத்து ஆகிவிடும் அல்லவா?

ஐரோப்பாவில், அவர் தனியாக அமைத்தவை ஆகும். 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் புகழ்பெற்ற மெட்டு அப்படித்தான். ஆண்டர்சனோடு சேர்ந்து செய்த பாட்டுகளின் கதை வேறு.

'யெஸ்' ராக் குழுவின் குரலான ஆண்டர்சனும் கிரேக்கத்தின் சிந்தசைசர் மேதையான வான்கெலிஸும் 1980இல் 'ஷார்ட் ஸ்டோரீஸ்' தொடங்கி 1991இல் 'பேஜ் ஆஃப் லைஃப்' வரை நான்கு ஆல்பங்கள் தந்தார்கள். மெட்டு ஒருவர், வரிகள் மற்றவர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால், வான்கெலிஸ் இசைக்குறிப்பு எழுதுகிறவர் அல்லர். அவர் கை கீபோர்டில் தன்போக்கில் ஓட, ஆண்டர்சனின் குரல் அதைத் தொடர்ந்து போகும். அப்படிப் பிறந்த பாட்டில் மெட்டு எங்கே முடிகிறது, வரி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எளிதல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கோட்டையே அழித்துவிட்டது. 2011இல் வந்த ஆணை ஒன்று, மெட்டும் வரிகளும் ஒன்றுக்காகவே மற்றொன்று உருவாகியிருந்தால், இரண்டுக்கும் ஒரே கெடு என்கிறது. இருவரில் கடைசியாக மறைபவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டு. 2013 நவம்பர் 1 முதல் பிரிட்டனிலும் இதே சட்டம்தான். ஆண்டர்சன் 1944இல் பிறந்தவர்; நீடு வாழட்டும். அவர் வாழும் ஒவ்வோர் ஆண்டும், மறைந்த நண்பரின் மெட்டுக்கும் ஓர் ஆண்டைக் கூட்டுகிறது. வரிகளை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசித்தாலும் உரிமை உரிமைதான்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. சேர்ந்து பிறந்ததைச் சட்டம் பிரிக்கவில்லை. என்னை உறுத்துவது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது, அதைச் சீராக்குகிறோம் என்றார்கள். சீராக்க வேண்டுமானால் குறைந்த காலத்துக்கும் சீராக்கியிருக்கலாம். கூடிய காலத்தையே தேர்ந்தார்கள். பாட்டைப் பாட, மாற்றி அமைக்க, மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்கக் காத்திருக்கும் பொதுமக்களே அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இந்தியாவில்?

நம் சட்டத்தில் இசைப் படைப்பு என்பதில் சொற்கள் சேராது. மெட்டு தனி, வரி தனி. ஒவ்வொன்றுக்கும் அதை ஆக்கியவர் மறைந்தபின் 60 ஆண்டு. மெட்டு வான்கெலிஸுடையது மட்டும் என்று கொண்டால், அது இங்கே 2082 முடிவில் பொதுச்சொத்து. வரிகள் ஆண்டர்சனின் கணக்குப்படி. பாடும்போதே ஆண்டர்சன் மெட்டையும் வளைத்தார் என்று நிறுவப்பட்டால், அவரும் மெட்டுக்கு உரியவர்; அப்போது மெட்டுக்கும் கடைசியாக மறைபவரின் கணக்குதான்.

1980இல் வெளியான ஒலிப்பதிவுக்கு?

இந்தியாவில் 2040 முடிவு வரை, ஐரோப்பாவில் 2050 முடிவு வரை. ஐரோப்பாவில் 50 ஆண்டாக இருந்ததை வயதான கலைஞர்களின் பெயரைச் சொல்லி 70 ஆக்கினார்கள். 50 போதும் என்று பிரிட்டன் அரசே அமைத்த கவர்ஸ் ஆய்வு 2006இல் சொல்லியும் கேட்கவில்லை.

இந்த இணையின் 'ஸ்டேட் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்' பாட்டை டோனா சம்மர் 1982இல் பாடினாரே?

ஒலிப்பதிவின் உரிமை வேறு. பாட்டின் உரிமை இந்த இருவருடையதே.

பாடகர் வரியோ மெட்டோ எழுதாமல் பாட மட்டும் செய்திருந்தால்?

அவர் ஆயுள் பாட்டின் கணக்கில் சேராது.

நாங்கள் இருவர் சேர்ந்து பாட்டு செய்கிறோம். என்ன செய்வது?

யார் எதைச் செய்தார் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள்.