பெற்றோருக்கு மின்வண்டி: வாங்குவதற்கு முன்

மடக்கி எடுத்துச் செல்லும் மின்வண்டியைத் தாய்க்கோ தந்தைக்கோ வாங்க எண்ணுவோர் முதலில் விலையையே விசாரிக்கின்றனர். அதைக் காரில் தூக்கி வைக்கப்போவது யார் என்பதே என் முதற்கேள்வி. இவ்வகை வண்டிகள் பல 20 கிலோவுக்கு மேற்பட்டவை. முதுகுவலியுள்ள மருமகளால் இயலுமா?

நம் டெல்டா வீடுகளில் திண்ணைப்படியும் உயர்ந்த வாசற்படியும் உண்டு. ஐப்பசி மழையில் சேறான தெருவில் சிறுசக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021-இல் வெளிவந்த நியோபோல்ட், சக்கர நாற்காலியுடன் இணைந்து கரடுமுரடான பாதையிலும் செல்லும். ஆயினும் அதனை ஓட்டக் கைகளில் வலு வேண்டும்.

தலைசுற்றல், பார்வைக் குறைவு, மறதி உடையவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் வண்டி ஓட்டலாகாது. நடக்க இயன்றவர்கள் வீட்டுக்குள் நடந்தே பழகட்டும்; வண்டி கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போதும். முன்பணம் கொடுக்குமுன் உங்கள் தெருவிலேயே ஒருமுறை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.