கம்போசரில் சொந்த நிரலகங்களை மேலாளுதல்

கம்போசர் என்பது பி.எச்.பி நிரல்மொழிக்கான சார்பு மேலாளர் ஆகும். ஒரு வலைச்செயலிக்கு எந்தெந்த நிரலகங்கள், எந்தப் பதிப்பில் தேவை என்பதைக் கணித்து, அவற்றை இறக்கி நிறுவுவது இதன் பணி. நில்ஸ் அடர்மான், ஜோர்டி போகியானோ ஆகியோர் உருவாக்கிய இக்கட்டற்ற மென்பொருள் 2012 ஆம் ஆண்டில் வெளியானது. பொது நிரலகங்களை இது பேக்கேஜிஸ்ட் என்னும் களஞ்சியத்திலிருந்து பெறுகிறது. ஒரு குழு தனக்கென எழுதிக்கொண்ட நிரலகங்களையும் இதே முறையில் மேலாள இயலும்.

தேவை

உள்நுழைவு, படிவச் சரிபார்ப்பு, கட்டணக் கணக்கீடு போன்ற நிரல்கள் பல திட்டங்களுக்குப் பொதுவானவை. அவற்றை ஒவ்வொரு திட்டத்திலும் நகலெடுத்து ஒட்டுவது எளிது. ஆனால் ஒரு நகலில் கண்டறிந்து திருத்திய பாதுகாப்புக் குறை மற்ற நகல்களில் அப்படியே தங்கிவிடும். எங்கெங்கே நகல்கள் உள்ளன என்பதும் நாளடைவில் மறந்துபோகும். பொது நிரலை ஒரே இடத்தில் வைத்துப் பதிப்பு எண் இட்டால் இச்சிக்கல் தீரும்.

பொதியாக அமைத்தல்

நிரலகத்தின் முதன்மை அடைவில் கம்போசர்.ஜேசன் என்ற கோப்பை இட வேண்டும். அதில் பொதியின் பெயர், அது சார்ந்துள்ள பிற பொதிகள், வகுப்புகளைத் தானாக ஏற்றும் விதி ஆகியவை இடம்பெறும். பெயரில் வழங்குநர் பெயரும் பொதியின் பெயரும் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். தானேற்றத்திற்குப் பெரும்பாலும் பி.எஸ்.ஆர்-4 நியமம் பின்பற்றப்படுகிறது. கிட் களஞ்சியத்தில் இடும் குறிச்சொல்லே பதிப்பு எண்ணாகக் கொள்ளப்படும்.

திட்டத்துடன் இணைத்தல்

சொந்தப் பொதி பேக்கேஜிஸ்டில் இராது. எனவே அதன் இருப்பிடத்தைத் திட்டத்தின் கம்போசர்.ஜேசன் கோப்பில் "ரிப்பாசிட்டரீஸ்" பகுதியில் குறிப்பிட வேண்டும். இதற்குப் பல வழிகள் உள்ளன:

- வி.சி.எஸ்: கிட் போன்ற களஞ்சியத்தின் முகவரியைத் தருதல். ஓரிரு பொதிகளுக்கு இதுவே போதும்.
- பாத்: அதே கணினியில் உள்ள அடைவைச் சுட்டுதல். இயன்றவரை குறியீட்டு இணைப்பு உருவாக்கப்படுவதால் திருத்தங்கள் உடனே தெரியும். உருவாக்கக் கட்டத்திற்கு ஏற்றது.
- சாட்டிஸ்: பல பொதிகளைப் பட்டியலிடும் தனிக் களஞ்சியத்தை உருவாக்கும் கருவி.

முதன்மைத் திட்டத்தின் "ரிப்பாசிட்டரீஸ்" பகுதியை மட்டுமே கம்போசர் படிக்கும். சொந்தப் பொதி ஒன்று மற்றொரு சொந்தப் பொதியைச் சார்ந்திருந்தால், இரண்டின் இருப்பிடங்களையும் முதன்மைத் திட்டத்திலேயே தர வேண்டும். புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

பதிப்புக் கட்டுப்பாடு

^1.2 என்று எழுதினால் 1.2 அல்லது அதற்கு மேற்பட்ட, ஆனால் 2.0-க்குக் குறைந்த பதிப்புகள் ஏற்கப்படும். ஆகவே பழைய நிரலை முறிக்கும் மாற்றம் செய்தால் முதல் எண்ணை உயர்த்துவது நிரலகத்தை எழுதியவரின் கடமை. உண்மையில் நிறுவப்பட்ட பதிப்புகள் கம்போசர்.லாக் கோப்பில் பதிவாகும். "இன்ஸ்டால்" கட்டளை அப்பதிவின்படியே நிறுவும். "அப்டேட்" கட்டளை புதிய பதிப்புகளைத் தேடிப் பதிவையும் மாற்றும். எனவே வழங்கியில் "இன்ஸ்டால்" மட்டுமே பயன்படுத்துவது நல்லது.

கவனிக்க வேண்டியவை

"வெண்டர்" அடைவில் உள்ள கோப்புகளை நேரடியாகத் திருத்தலாகாது. அடுத்த இற்றைப்படுத்தலில் அத்திருத்தம் அழிந்துபோகக்கூடும். மூல நிரலகத்தில் திருத்திப் புதிய பதிப்பு வெளியிடுவதே முறை.

தனிப்பொதியின் பெயரில் தீய பொதியொன்றைப் பொதுக் களஞ்சியத்தில் பதிவேற்றி ஏமாற்றும் தாக்குதல் "சார்புக் குழப்பம்" எனப்படுகிறது. வேறு மொழிகளின் களஞ்சியங்களில் இது இயலும் என்பதை அலெக்ஸ் பிர்சான் 2021 இல் வெளிப்படுத்தினார். 2020 இல் வெளியான கம்போசர் 2, திட்டத்தில் குறிப்பிட்ட களஞ்சியத்தில் ஒரு பொதி கிடைத்தால் அதே பெயரைப் பேக்கேஜிஸ்டில் தேடுவதில்லை. எனினும் குழுவின் வழங்குநர் பெயரில் பொதுப் பொதி ஒன்றையாவது பேக்கேஜிஸ்டில் பதிவது, அப்பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளாமல் காக்கும்.