காந்தப் புயல் வந்தால் கம்ப்யூட்டரைக் கழற்ற வேண்டுமா?

போன மாதம் ஒரு நாள் இரவு ஏழு மணி இருக்கும். செங்கல்பட்டில் என் வீட்டு போன் ஒலித்தது. பேசியவர் மாமல்லபுரம் அருகே குப்பத்தில் வசிக்கும் மீனவ நண்பர். மகளின் கல்லூரிப் படிப்புக்காக அவர் கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடச் சென்றவன் நான். அன்று முதல் கம்ப்யூட்டரில் எந்தச் சந்தேகம் என்றாலும் போன் எனக்குத்தான்.

"சார், இன்னிக்கு ராத்திரி சூரியன்ல இருந்து காந்தப் புயல் வருதாம். செல்லுல மெசேஜ் வந்திருக்கு. கம்ப்யூட்டர் ஒயரை எல்லாம் கழட்டி வச்சிட்டோம். போட்டுல இருக்கிற ஜிபிஎஸ் கூட கெட்டுடுமாமே? கடலுக்குப் போகட்டுமா, வேணாமா?"

ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அவருக்கு அந்த நாள் வருமானம் இல்லை. "பத்து நிமிஷம் பொறுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு என் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அன்று நான் பார்த்ததும் அவரிடம் சொன்னதும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கு தருகிறேன்.

சூரியக் காற்று

சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் எப்போதும் வெளியேறிக் கொண்டே இருக்கின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சாதாரண நாட்களில் இதன் வேகம் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து பூமிக்கு வர நான்கு நாட்களுக்கு மேல் ஆகிறது. வரும்போது சூரியனின் காந்தப் புலத்தையும் இழுத்துக் கொண்டு வருகிறது.

பூமியும் ஒரு காந்தம்தான். காந்தப் புலத்தை நானோடெஸ்லா என்ற அலகில் அளக்கிறார்கள். செங்கல்பட்டில் தரை மட்டத்தில் பூமியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. சூரியக் காற்றின் புலமோ சாதாரணமாக ஐந்து; பெரும் புயலில் ஐம்பதைத் தாண்டலாம். ஐந்து எங்கே, நாற்பதாயிரம் எங்கே? பிறகு ஏன் பயம்?

இரண்டும் சந்திக்கும் இடம் தரை அல்ல. சூரியனைப் பார்த்த பக்கத்தில், சுமார் 65,000 கிலோமீட்டர் உயரத்தில் சந்திக்கின்றன. அவ்வளவு தொலைவில் பூமியின் புலமும் சில பத்து நானோடெஸ்லாவாகக் குறைந்துவிடும். அங்கே இரண்டும் ஏறத்தாழ சம பலம்.

திசைதான் முக்கியம்

அந்த எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. சூரியக் காற்றின் புலமும் வடக்கு நோக்கி இருந்தால், காற்றின் பெரும் பகுதி பூமியைச் சுற்றிக் கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் எதிரெதிர்க் கோடுகள் அறுந்து, ஒன்றோடொன்று புதிதாக இணைகின்றன. பூட்டிய கதவு திறந்தது போல, சூரியக் காற்றின் ஆற்றல் உள்ளே புகுகிறது. இதுதான் காந்தப் புயல்.

இதற்கு நம் ஊட்டியிலேயே சாட்சி உண்டு. அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக் கூடம், காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது உண்டாகும் மியூவான் துகள்களை இரவு பகலாக எண்ணி வருகிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியக் காற்றின் புலம் தெற்கு நோக்கிச் சுமார் 40 நானோடெஸ்லா வரை சென்றது. அப்போது இரண்டு மணி நேரம் மியூவான்களின் எண்ணிக்கை கூடியது. பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் பலவீனமானதே காரணம் என்று ஆய்வாளர்கள் 2016ல் அறிவித்தார்கள்.

எது பாதிக்கும், எது பாதிக்காது?

1989 மார்ச்சில் ஒரு காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரத்தை நிறுத்தியது. அறுபது லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தனர். காரணம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மின் பாதைகளில் புயல் வேண்டாத மின்னோட்டத்தை உண்டாக்கியது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஒயர் இரண்டு மீட்டர்தான். காந்தப் புயல் அதில் நேரடியாக எதுவும் செய்யாது.

திசைகாட்டிக்கும் பயமில்லை. 2024 மே மாதப் பெரும் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவப்பாக ஒளிர்ந்தது. அப்போதும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் பூமியின் புலம் குறைந்தது சுமார் 400 நானோடெஸ்லா, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு சதவீதம்தான்.

ஜிபிஎஸ் விஷயம் வேறு. அதன் சிக்னல் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அயனி மண்டலத்தைக் கடந்து வருகிறது. புயல் அந்த மண்டலத்தைக் கலக்கினால் இடக் கணக்கில் பிழை கூடலாம். சிக்னல் சற்று நேரம் விட்டுப் போகலாம். தென் இந்தியா காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், புயல் இல்லாத நாட்களிலும் சூரியன் மறைந்த பின் இது நேர்வதுண்டு. ஆனால் கருவி கெட்டுப் போகாது.

நீங்களே பார்க்கலாம்

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், சூரியன் இருக்கும் பக்கம், எல்1 என்ற இடம் உள்ளது. 2023 செப்டம்பர் 2ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நமது ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6ல் அங்கு போய்ச் சேர்ந்தது. சூரியக் காற்றின் புலத்தை அளக்கும் கருவி அதிலும் உண்டு. அங்கிருந்து காற்று பூமிக்கு வரச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். எனவே எல்1ல் அளப்பது நமக்கு முன்னறிவிப்பு.

1. பிரவுசரைத் திறந்து, கூகுளில் 'ஸ்பேஸ் வெதர் ப்ரெடிக்ஷன் சென்டர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். இது அமெரிக்க அரசின் இலவசத் தளம்.

2. அதில் 'ரியல் டைம் சோலார் விண்ட்' என்ற பக்கத்திற்குச் செல்லவும்.

3. 'பிஇசட்' என்று குறித்த கோட்டைப் பார்க்கவும். பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வடக்கு. கீழே இருந்தால் தெற்கு. மைனஸ் பத்துக்குக் கீழே பல மணி நேரம் நின்றால் புயலை எதிர்பார்க்கலாம்.

4. நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம்.

அன்று அந்தக் கோடு பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே இருந்தது. தளத்தில் புயல் எச்சரிக்கையும் இல்லை. நண்பருக்கு வந்த மெசேஜை அனுப்பச் சொல்லிப் படித்தேன். 'இன்று இரவு' என்று இருந்ததே தவிர, தேதி இல்லை. எந்த ஆண்டு யாருக்கு அனுப்பினாலும் அது 'இன்று இரவு'தான்!

"புயல் எதுவும் காணோம் அண்ணே. ஜிபிஎஸ் ஒழுங்காத்தான் இருக்கும். எதுக்கும் திசைகாட்டி கையில இருக்கட்டும். போறதும் போகாததும் வானிலை எச்சரிக்கையைக் கேட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். காற்றும் அலையும் சாதகமாக இருந்ததால் அவர் கிளம்பினார்.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். "அப்பா வந்துட்டார் அங்கிள். கம்ப்யூட்டரை மாட்டிட்டேன். அந்தக் கோடு எங்கே இருக்குன்னு சொல்லுங்க." இப்போது அந்தக் குப்பத்தில் இப்படி மெசேஜ் வந்தால் அவளிடம்தான் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இடி மின்னலின்போது கம்ப்யூட்டரின் பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் அவசியம் கழற்றி வைக்கவும். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு ஆபத்து அந்த மின்னலால்தான்.